ஏழாம் ஹோலில் நின்ற தண்ணீர்

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், சிங்கப்பூரில் கோல்ஃப் மைதானத்தில் என்று சொல்வேன். "பந்து பொறுக்குற வேலையாப்பா?" என்பார்கள். முதல் இரண்டு வருடம் விளக்கிப் பார்த்தேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறேன். உண்மையில் பதினோரு வருடமாக நான் பார்ப்பது தண்ணீர் வேலை. விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மத்தியானம் கொட்டுகிற மழையை வடிக்க வேண்டும். புல் வெட்டுவது, மணல் தூவுவது எல்லாம் இரண்டுக்கும் நடுவில்.

இந்தப் பதிவு எங்கள் கோர்ஸின் ஏழாம் ஹோலைப் பற்றியது. கோர்ஸ் பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

ஹோல் என்றால் முதல் அடி அடிக்கிற டீயிலிருந்து பந்து விழ வேண்டிய குழி வரை உள்ள ஆட்டப் பகுதி. ஏழாம் ஹோலில் நடுவே நீளமான ஃபேர்வே, அதாவது குட்டையாக வெட்டிய புல்தரை. இடப்பக்கம் ஆறாம் ஹோலின் மேடு, வலப்பக்கம் குளம். குழி இருக்கிற கிரீனுக்கு 140 மீட்டர் முன்னால், சரியாக நல்ல ஆட்டக்காரர்கள் அடித்த பந்து வந்து விழும் இடத்தில், மழை விட்டதும் ஒரு டென்னிஸ் கோர்ட் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மூன்று நாள் வெயிலடித்தாலும் போகாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் சளக் என்று ஷூவுக்குள் ஏறும். ஒரு துண்டு புல்லைப் பெயர்த்து மோந்து பார்த்தால் அழுகின முட்டை நாற்றம். மண் கறுத்துப் போயிருக்கும். காற்றுப் போகாத மண் அப்படித்தான் ஆகும், வேர் கீழே இறங்காமல் விரற்கடை ஆழத்திலேயே நின்றுவிடும்.

கோல்ஃப் விதிகளில் இப்படி நிற்கிற தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு. முன்பு கேஷுவல் வாட்டர் என்றார்கள், 2019-இல் விதிகளைத் திருத்தியபோது டெம்பரரி வாட்டர் என்று மாற்றினார்கள். பந்து அதில் விழுந்தால் எடுத்து வெளியே போட்டு அடிக்கலாம், அபராதம் கிடையாது. எங்கள் ஏழாம் ஹோல் தண்ணீரில் தற்காலிகம் எதுவும் இல்லை. சந்தா கட்டாத நிரந்தர மெம்பர் அது.

தண்ணீர் நின்றால் பக்கியை, அதாவது ஆட்டக்காரர்கள் ஏறிப் போகிற சின்ன வண்டியை, ஃபேர்வேக்குள் விட முடியாது. சக்கரம் பதிந்தால் அந்தத் தடம் ஆறு மாதம் இருக்கும். அதனால் "பக்கி பாதையில் மட்டும்" என்று பலகை வைப்போம். வயதான மெம்பர்கள் பாதையில் பக்கியை நிறுத்திவிட்டு நடந்து போய் அடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். வரும்போது அவர்கள் பார்க்கிற பார்வை நேராக எங்கள் மேல்தான் விழும், மழையை நாங்கள்தான் பெய்ய வைத்த மாதிரி.

சிங்கப்பூர் மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாங்கி வானிலை நிலையத்தில் ஆண்டுச் சராசரி 2,100 மி.மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் மன்னார்குடிப் பக்கம் பெய்வதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அளவைவிடப் பெய்கிற விதம்தான் வேறு. ஊரில் ஐப்பசி அடைமழை இரண்டு நாள் விடாமல் நசநசக்கும். இங்கே இரண்டு மணிக்கு வானம் கறுக்கும், இரண்டரைக்குக் கொட்டும், மூன்றரைக்கு வெயில். அந்த ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்வதெல்லாம் ஆச்சரியமே இல்லை.

ஒரு ஹெக்டேரில் ஒரு மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். ஏழாம் ஹோலைப் பார்த்துச் சரிந்து கிடக்கிற நிலம் மொத்தம் ஆறு ஹெக்டேர் இருக்கும். 50 மி.மீ. பெய்தால் 30 லட்சம் லிட்டர். பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் 15 லட்சம் லிட்டர் மேலோடு ஓடி வரும். சென்னையில் தெருவுக்குத் தெரு நிற்குமே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதில் 125 லாரி. ஒரு மணி நேரத்தில்.

நான் சூப்பர்வைசர் ஆவதற்கு முன்பே ஏழாம் ஹோலுக்கு ஒரு வைத்தியம் நடந்திருந்தது. ஒரு குத்தகைக்காரர் வந்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் மீன்முள் மாதிரி பள்ளம் வெட்டி, 100 மி.மீ. ஓட்டை பைப்புகளைத் துணி சுற்றிப் புதைத்து, ஜல்லி போட்டு, மேலே மணல் மூடிப் புல் பதித்துவிட்டுப் போனார். நடு முள் குளத்துக்குப் போகும். ஆறு மாதம் எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கு அடுத்த நவம்பரில் டென்னிஸ் கோர்ட் திரும்ப வந்துவிட்டது. "பைப் பத்தல, இன்னும் நாலு போடணும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

இதில் வெட்கப்பட ஒரு விஷயம் இருக்கிறது. நான் டெல்டாக்காரன். கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் சம்பா நடவு மூழ்கிவிடும். அப்பா ராத்திரியில் டார்ச் லைட்டையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். அவர் முதலில் போகிற இடம் தண்ணீர் நிற்கிற வயல் இல்லை. நேராகக் கடைசி வரப்பைத் தாண்டி, வடிகால் போய்ச் சேருகிற வாய்க்கால் முகப்புக்குப் போவார். அங்கே வெங்காயத்தாமரை அடைத்திருக்கும், இல்லையென்றால் வாய்க்காலே நிரம்பி எதிர்த்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்கு வந்து வரப்பை வெட்டுவார். சின்ன வயதில் கூடவே குடை பிடித்துப் போயிருக்கிறேன். யூனிஃபார்ம் மாட்டி, பைப் கேட்லாக் புரட்ட ஆரம்பித்ததும் அதெல்லாம் எங்கே போனதோ.

திரும்ப ஞாபகம் வந்தது 2023 நவம்பரில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது.

எங்கள் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. சிங்கப்பூரில் வருடத்துக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கும். மின்னல் அபாயச் சங்கு ஊதினால் ஆட்டக்காரர், வேலையாள் என்று பார்க்காமல் எல்லாரும் ஒதுங்கிவிட வேண்டும். அப்படிச் செய்வதுதான் சரி, திறந்த வெளியில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் நாங்கள். ஆனால் அதன் விளைவு என்ன? மழை கொட்டும்போது மைதானத்தில் ஒரு மனிதர்கூட இருக்க மாட்டார். சங்கு அடங்கி நாங்கள் திரும்பி வரும்போது தண்ணீர் ஓடி முடித்துத் தேங்கியிருக்கும். தேங்கிய தண்ணீரைப் பதினோரு வருடமாகப் பார்த்திருக்கிறோம். ஓடுகிற தண்ணீரை யாரும் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு ஏழாம் டீ பக்கத்தில் இருக்கிற ஒதுங்கிடத்தில் மாட்டிக்கொண்டேன். கூடவே பங்களாதேஷ் நண்பர், நாங்கள் எல்லாரும் பாய் என்று கூப்பிடுபவர். போன் சார்ஜ் போய்விட்டதால் வேறு வழியில்லாமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாம் ஹோல் மேட்டிலிருந்து தண்ணீர் விரித்த பாய் மாதிரி இறங்கி வந்தது. இறங்கி, பக்கி பாதையில் மோதி நின்றது. பாதை ஒரு சாண் உயரமாக, ஓரக்கல் வைத்துப் போட்ட பாதை. அப்புறம் அந்த ஓரக்கல்லை ஒட்டியே நூறு மீட்டர் ஓடி, கல் உடைந்து தாழ்ந்திருக்கிற ஒரே இடத்தில் குபுகுபுவென்று ஃபேர்வேக்குள் பாய்ந்தது. அந்த இடத்திலிருந்து நேர் கீழேதான் எங்கள் டென்னிஸ் கோர்ட்.

"பாய், இது ஆறாம் நம்பர் தண்ணி" என்றேன். அவர் தலையாட்டினார். ரொம்ப நாளாகத் தெரியுமாம். யாரும் கேட்கவில்லையாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் ஒரு கட்டு சத்தே குச்சி எடுத்துப் போவோம். ஹாக்கர் சென்டரில் கறி குத்தித் தருகிற அதே மூங்கில் குச்சி, நுனியில் சிவப்பு டேப். மின்னல் எச்சரிக்கை நீங்கின பிறகும் தூறல் இருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஓடை போகிற வழியெல்லாம் குச்சி நடுவோம். தேங்கின தண்ணீரின் விளிம்பில் கால் மணிக்கு ஒரு வரிசை. ஏழெட்டு மழைக்குப் பிறகு பார்த்தால் ஒரு படமே கிடைத்துவிட்டது. விளிம்பு குளத்தின் பக்கமாக ஒரு விரற்கடைகூடச் சுருங்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பட்ட முக்கியமான சேதி. பைப் வேலை செய்திருந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் காய்ந்திருக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் தோண்டினோம். இங்கே மழை குறைவான மாதம் அதுதான். சங்குலை எடுத்துக்கொண்டு நானும் பாயும் போனோம். மண்வெட்டிக்கு மலாய்ப் பெயர் சங்குல். இங்கே தமிழன், வங்காளி, சீனன், பர்மாக்காரன் எல்லாருக்கும் அது சங்குல்தான். ஊருக்குப் போனாலும் வாயில் அதுதான் வருகிறது, அண்ணன் சிரிக்கிறான்.

இரண்டடி ஆழத்தில் பைப் கிடைத்தது. சுற்றியிருந்த துணியைக் கத்தியால் கீறி உரித்தேன். வெளிப்பக்கம் முழுக்கக் காவி நிறத்தில் ஒரு பூச்சு. காபி வடிகட்டுகிற துணியைக் கழுவாமல் வைத்தால் மண்டி படிந்து கெட்டியாகிவிடுமே, அதே மாதிரி, நகத்தால் சுரண்டினால் மெழுகு போல உருண்டு வந்தது. துணியைக் கிண்ணம் மாதிரி குழித்துப் பிடித்து, பாயின் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினோம். நின்றது. பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிடம் ஆகியும் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. பைப்பின் உள்பக்கம் மட்டும் புத்தம் புதுசு, கம்பெனி எழுத்துகூட அழியவில்லை. தண்ணீரே உள்ளே வராத பைப் எப்படி அழுக்காகும்?

எங்கள் மண் களிமண். நுண்ணிய களித்துகள் தண்ணீரோடு வந்து துணியில் படிந்து படிந்து அடைத்துவிடும். பைப்புக்கு ஜல்லி போதும், சரியான அளவு ஜல்லி. நேரடியாகத் துணி சுற்றியது ஜாக்கிரதை என்று நினைத்துச் செய்த தப்பு.

இன்னொன்றும் இருந்தது. கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் மட்டம் ஒன்று நானே செய்திருந்தேன். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற இருபது மீட்டர் பிளாஸ்டிக் டியூப், உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர். மூன்று இடத்தில் பைப்பின் முதுகைத் தோண்டி மட்டம் பிடித்தோம். இந்த மாதிரி பைப்புக்குக் குறைந்தது அரை சதவீதம் சரிவு வேண்டும், அதாவது இருபது மீட்டருக்குப் பத்து செ.மீ. இறங்க வேண்டும். எங்கள் நடு பைப் வெளியேறுகிற பக்கத்தில் நாலு செ.மீ. ஏறியிருந்தது. தண்ணீர் மேடேறிக் குளத்துக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

போட்டவர்களை மட்டும் திட்ட மனது வரவில்லை. மழைக்கு நடுவில், ஆட்டம் இல்லாத திங்கட்கிழமைகளில் மட்டும் செய்த வேலை அது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்போது மட்டம் பிடிப்பது லேசு இல்லை.

இதையெல்லாம் மைதானப் பராமரிப்புக்குப் பொறுப்பான எங்கள் சூப்பரின்டென்டென்டிடம் சொன்னேன். மலேசியாவில் ஜொகூர்க்காரர், தமிழர், முப்பது வருட அனுபவம். பொறுமையாகக் கேட்டார். "பைப்பை எடுத்துட்டு ஒழுங்கா வேற போட்டா சரியா வருமா தம்பி?" என்றார்.

வராது என்றேன். அதற்குக் கணக்கு வைத்திருந்தேன், உரமூட்டை அட்டையில் எழுதி. 100 மி.மீ. பைப்பை நூற்றுக்கு ஒன்று சரிவில் பிரமாதமாகப் போட்டாலும் நொடிக்கு ஐந்து லிட்டர் சுமாருக்குத்தான் போகும். நமக்கு வருவதோ மணிக்கு 15 லட்சம் லிட்டர், நொடிக்கு 400 லிட்டருக்கு மேல். எண்பது பைப் வேண்டும். மண்ணுக்குள் ஊறி நிற்கிற ஈரத்தை நிதானமாக வடிப்பதற்குத்தான் பைப். ஓடி வருகிற வெள்ளத்தை மேலோடுதான் திருப்பிவிட முடியும், நிலத்தின் சரிவை மாற்றி.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைப்புன்னா கமிட்டி உடனே கையெழுத்துப் போட்டுரும். மண்ணுக்குள்ள போறது, யாருக்கும் தெரியாது. சரிவை மாத்துறோம்னா ஆளாளுக்குக் கருத்து சொல்வாங்க" என்றார். அது உண்மை. இங்கே நிலம் பொன். கோர்ஸ்கள் குத்தகை நிலத்தில் நடக்கின்றன, குத்தகை முடிந்தால் நிலத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். மரினா பே கோர்ஸ் 2024-இல் மூடப்பட்டது. இப்படி இருக்கும்போது ஹோலையே கிளறிப் புதிதாகக் கட்ட எந்த நிர்வாகமும் பணம் போடாது. எங்கள் ஆட்களை வைத்து, எங்களிடம் இருக்கிற சின்ன எக்ஸ்கவேட்டரை வைத்து முடிகிறதைச் செய்யச் சொன்னார்கள். எனக்கு அதுவே சந்தோஷம்.

ஒரு மெம்பர் நியாயமான கேள்வி ஒன்று கேட்டார்: ஏழாம் கிரீன் மட்டும் எப்படி அரைமணியில் காய்கிறது, அதே மாதிரி ஃபேர்வேயைச் செய்தால் என்ன? கிரீன் என்பது நிலமே இல்லை, அது ஒரு பெரிய பூந்தொட்டி. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறை, அப்புறம் பலமுறை திருத்தினார்கள். அடியில் பைப், மேலே 100 மி.மீ. ஜல்லி, அதற்கு மேலே 300 மி.மீ. மணல் கலவை. ஆச்சரியம் என்னவென்றால், மணலிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் உடனே இறங்காது. மணலின் சின்னச் சந்துகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அளவுக்கு மேல் சேர்ந்தால் மட்டும் விடும். சூப்பரின்டென்டென்ட் இதைக் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வைத்துக் காட்டினார். நனைத்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடித்தால் சொட்டி சொட்டி நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். உயரம் கூடினால் தண்ணீர் விழும். அதனால்தான் மணலின் கனம் கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஐநூறு சதுர மீட்டர் கிரீனுக்கு இந்த வைபவம் செய்யலாம். ஒரு ஹெக்டேர் ஃபேர்வேயில் வெறும் ஒரு செ.மீ. மணல் போடவே நூறு கன மீட்டர் வேண்டும்.

ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்டில் முடித்தோம். முதல் வேலை ஆறாம் மேட்டின் அடிவாரத்தில். சரிவுக்குக் குறுக்காக ஒரு பள்ளம், அடியில் துணி சுற்றாத பைப், மேல்மட்டம் வரை ஜல்லி. மேட்டு ஊற்றுத் தண்ணீர் ஃபேர்வேக்கு வருவதற்கு முன்பே இதில் விழுந்துவிடும். இதற்குப் பிரெஞ்சு டிரெயின் என்று பெயர். பிரான்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் ஹென்றி பிரெஞ்சு என்பவர் 1859-இல் பண்ணை வடிகால் பற்றி எழுதினார், அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, முதலில் வயலுக்காகப் பேசப்பட்ட விஷயம் இது. அண்ணனிடம் சொன்னபோது அவனுக்கு ஒரே பெருமை.

பக்கி பாதையின் ஓரக்கல்லை ஆறு இடத்தில் உடைத்து, பாதைக்குக் கீழே குழாய் கொடுத்தோம். ஒரே இடத்தில் குபுகுபுவென்று பாய்ந்தது ஆறாகப் பிரிந்தது. அங்கிருந்து குளம் வரை ஒரு அகலப் பள்ளம், ஸ்வேல் என்பார்கள். ஆறு மீட்டர் அகலம், நடுவில் ஓரடிக்கும் கொஞ்சம் மேல் ஆழம். நின்று பார்த்தால் பள்ளம் என்றே தெரியாது, அலை மாதிரி இருக்கும். கமிட்டியின் பயத்துக்கு அதுதான் பதில். புல்வெட்டி இறங்கி ஏற வேண்டும், பிளேடு மண்ணைக் கொத்தக் கூடாது. அதனால் கரையை அவ்வளவு சாய்வாக இழுத்தோம். புல்லைச் சுருட்டிச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டு, மண்ணை வெட்டி, மறுபடி விரித்தோம். தோண்டின மண் மழையில் கரைந்து பொது வடிகாலுக்குப் போனால் தண்ணீரையும் வடிகாலையும் பார்த்துக்கொள்கிற பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சுற்றிலும் வண்டல் தடுப்புத் துணி கட்டி, ஒரு நாளைக்கு மூடக்கூடிய அளவு மட்டுமே வெட்டினோம். தண்ணீர் விழும் சம்ப் குழிகளின் அடியில் ஓட்டை போட்டு ஜல்லி வைத்தோம். இந்த நாட்டில் ஒரு குவளைத் தண்ணீர் தேங்கினாலும் கொசு, கொசு என்றால் என்இஏ, அதாவது தேசியச் சுற்றுப்புற வாரிய ஆட்கள் வந்து நிற்பார்கள்.

இவ்வளவும் செய்தாலும் குளம் இடம் கொடுக்காவிட்டால் பிரயோஜனமில்லை. அப்பாவின் வாய்க்கால் முகப்பு இங்கே குளம்தான். பழைய பைப்பின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் முங்கியே இருந்தது. ஏனென்றால் குளத்தை விளிம்பு வரை நிரப்பி வைப்பது எங்கள் கோர்ஸ் வழக்கம். பார்க்க அழகு, பாய்ச்சவும் தண்ணீர் உண்டு. கடலில் ஏற்றம் இருக்கும்போது முத்துப்பேட்டைப் பக்கம் வடிகால் எதிர்த்து நிற்குமே, அதே கதை.

குளத்துக் கலிங்கில் மரப்பலகைகள் சொருகியிருந்தன, யாரும் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். ஊர் மதகுப் பலகையேதான். ஒவ்வொன்றும் 20 செ.மீ. இரண்டைக் கழற்றினால் 40 செ.மீ. இறங்கும். குளம் 0.6 ஹெக்டேர். 24 லட்சம் லிட்டருக்கு இடம் காலி. நமக்கு வருகிற 15 லட்சம் தாராளமாக உட்காரும், அப்புறம் மெதுவாக வெளியே போகும்.

பம்ப் ஹவுஸ்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரைக் குறைத்தால் பிப்ரவரியில் கிரீன் காயும் என்றார். நவம்பரில் கழற்றி ஜனவரிக் கடைசி மழைக்கு முன் மாட்டிவிடலாம் என்று ஒப்பந்தம். மெம்பர்கள் குளக்கரையில் சேறு தெரிகிறது, போட்டோ நன்றாக வரவில்லை என்றார்கள். சூப்பரின்டென்டென்ட் அவர்களுக்கு ஸ்டாம்ஃபர்ட் தொட்டியின் கதையைச் சொன்னார். 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோடே மூழ்கியது. அதற்கப்புறம் தாவரப் பூங்கா பக்கத்தில் 38,000 கன மீட்டர் பிடிக்கிற தொட்டியைப் பூமிக்கடியில் கட்டி 2018-இல் திறந்தார்கள். மழை கொட்டும்போது பிடித்து வைத்துக்கொண்டு, ஓய்ந்த பிறகு வெளியே விடும். காலியாக இருந்தால்தான் அதற்கு வேலை. கவர்ன்மென்டே காலித் தொட்டிக்குக் காசு செலவழிக்குது, நம்ம குளத்துல ஓரடி காலியா இருக்கக் கூடாதா என்று கேட்டாராம். அவர் கேட்டால் அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நான் கேட்டால் போட்டோ பற்றித்தான் பேசுவார்கள்.

2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. பருவமழை பிடித்துக்கொண்டது. அன்றும் மறுநாளும் சாங்கியில் பெய்த மழை ஜனவரி மாதம் முழுக்கப் பெய்ய வேண்டிய சராசரியையே தாண்டிவிட்டது. இடியில்லாத மழை, அதனால் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நானும் பாயும் ஏழாம் ஹோலிலேயே கிடந்தோம். ஸ்வேலில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் பழுப்பாக ஓடியது. புல் மடங்கிப் படுத்திருந்தது. பழைய இடத்தில் கால் வைத்துப் பார்த்தேன். ஈரம்தான், ஆனால் சளக் இல்லை. குளம் கழற்றின பலகையின் அடையாளத்தைத் தொட்டு, அதற்கு மேல் நாலு விரற்கடை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. பாய் அவர் மொழியில் என்னவோ சொன்னார். மழைச் சத்தத்தில் புரியவில்லை, மொழியும் புரியாது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏழாம் ஹோல் வலப்பக்க பங்கரில், அதாவது ஆட்டத்துக்குத் தடையாக வைத்த மணல்குழியில், மணல் முழுக்கக் கரைந்து அடியில் குவிந்துவிட்டது. நாலு பேர் அரைநாள் அதைத் தள்ளி மேலேற்றினார்கள். அந்த பங்கரின் நெற்றியைக் கொஞ்சம் உயர்த்தினால் தண்ணீர் சுற்றிப் போகும். அது அடுத்த சண்டை.

12-ஆம் தேதி ராத்திரி பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினேன். மாட்டுப்பொங்கல் அன்றைக்கு பாய் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஏழாம் ஃபேர்வே, வெயில், நடுவில் இரண்டு பக்கிகள். பலகை எதுவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். அவன் போனை வாங்கி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இந்த ஓரத்துல இன்னும் நிக்குதேடா" என்றான்.

பாதையில் கல் உடைத்த மூன்றாவது இடம். பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே குழாய் வாய்க்கு முன்னால் ஒரு தட்டு அளவுக்கு மினுங்கியது. திரும்பி வந்ததும் டியூப் மட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஜல்லி இரண்டரை செ.மீ. இறங்கியிருந்தது.